ஈட்டிக்கடவில் களங்கம் ஒழிக்கப்பட்ட வரலாறு

மனித குலம் இதுவரை ஒழித்த பெருந்தீமைகளில் தலையாயவை பெரியம்மை, அடிமை முறை, ஈட்டிக்கடவில் மனநோயாளிகள் மீதிருந்த களங்கம் ஆகியவை. முதல் இரண்டையும் ஒழிக்கப் பல தலைமுறைகள் பாடுபட வேண்டியிருந்தது. மூன்றாவதை மாத்துக்குட்டி சார் ஒரு சனி, ஞாயிறில் முடித்துக் கொடுத்தார். நடுவில் மதியச் சாப்பாட்டுக்கு இடைவேளையும் விட்டார்.

மாத்துக்குட்டி சார் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஈட்டிக்கடவில் எந்தக் கமிட்டி அமைந்தாலும் கன்வீனர் அவர்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் வெள்ள நிவாரணக் கமிட்டி. வராவிட்டால் வறட்சிக் கமிட்டி. தேவாலயப் பெருநாள் கமிட்டி, நூலகக் கமிட்டி, மயானச் சுற்றுச்சுவர்க் கமிட்டி எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்துதான். ஆகவே களங்கம் ஒழிப்புக் கமிட்டி என்று ஒன்று அமைந்தபோது, கன்வீனர் யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இந்த வெற்றியில் குரியாச்சனுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. களங்கம் அவன் மேல்தான் இருந்தது.

குரியாச்சன் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்புச் செய்கிறவன். பெருநாள், தேர்தல், கோழித்தீவனக் கடைத் திறப்பு, மரணம் என எதுவானாலும் அவன் குரலில்தான் ஊருக்குத் தெரியவரும். மரண அறிவிப்பை அவன் சொல்லிக் கேட்டால், இறந்தவரோடு வரப்புச் சண்டை போட்டவர்கள்கூட ஒரு மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்படி ஒரு குரல்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு உறக்கம் போயிற்று. பின்னாலேயே நிதானமும் போயிற்று. பெருநாள் அறிவிப்புக்குப் போன ஜீப்பிலிருந்து, மாலை பஸ்ஸில் கர்த்தர் வந்து இறங்குகிறார், அனைவரும் ஜங்ஷனுக்கு வந்து சேரவும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். அவன் குரல் வா என்றால் போய் நிற்பது ஊர் வழக்கம். குளித்து, வெள்ளை உடுத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பலர் போய் நின்றார்கள். பஸ் வழக்கம்போல் தாமதம். வந்தபோது அதிலிருந்து ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு இறங்கினார்.

குரியாச்சனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாத்திரையும், மனைவி லில்லிக்குட்டியின் பொறுமையும், ஆண்டவரின் இரக்கமும் ஒன்று சேர்ந்ததில் அவன் நல்லபடியாகக் குணமாகித் திரும்பினான். பஸ்ஸுக்காகக் காத்து நின்றவர்களுக்குத்தான் இன்னும் குணமாகவில்லை. தான் அன்றைக்கு அங்கே போகவே இல்லை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அதை நிரூபிப்பதற்காக அவனைவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

அதற்காக யாரும் அவனிடம் கடுமையாக நடந்துகொண்டதாக நினைத்துவிடக் கூடாது. ஈட்டிக்கடவு அன்பான ஊர். அவனிடம் பேசும்போது எல்லோரும் குழந்தையிடம் பேசுவது போல் மெதுவாகவும், செவிடனிடம் பேசுவது போல் உரக்கவும் பேசினார்கள். டீக்கடையில் அவனுக்கு மட்டும் கண்ணாடித் தம்ளருக்குப் பதில் காகிதக் குவளை. அவன் கை பட்டு உடைந்து அவனுக்கே காயமாகிவிடக் கூடாதே என்ற கரிசனம். பக்கத்து வீட்டுச் சின்னம்மச் சேச்சி வேலியை ஓர் ஆள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டி, அவன் மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதன் மேல் பூங்கொடி படர விட்டிருந்தாள்.

மைக் மட்டும் கிடைக்கவில்லை. பெருநாள் அறிவிப்பை நகரத்தில் யாரிடமோ பதிவு செய்து வாங்கி ஓட விட்டார்கள். அதில் நம் புனிதரின் பெயருக்குப் பதில் அக்கரைத் தேவாலயப் புனிதரின் பெயர் வந்தது. இருந்தாலும் என்ன, அது சித்த சுவாதீனம் உள்ள பதிவு.

இந்த நிலையில்தான், மனநலம் பற்றிய சிறந்த விழிப்புணர்வுக் கண்காட்சிக்கு மாவட்ட அளவில் கேடயம் உண்டு என்று செய்தி வந்தது. செய்தி வந்த உடனே ஈட்டிக்கடவில் மனநோயாளிகள் மேல் பெரும் பரிவு ஏற்பட்டது.

கூட்டம் நூலகத்தில் கூடியது. குரியாச்சன் நாற்காலி எடுத்துப் போட வந்தவன், போட்ட பிறகு சுவரோரம் நின்றான்.

"களங்கம்னா என்னன்னு மொதல்ல நாம புரிஞ்சுக்கணும்," என்று சார் தொடங்கினார். "நோய் வந்து குணமானவனையும் ஒதுக்கியே வெக்கிறாங்க பாருங்க. அதான் களங்கம்."

"ரொம்ப மோசம்," என்றார் பஞ்சாயத்துத் தலைவி விலாசினி. "யாரு சாரே அப்படிச் செய்யறது?"

"ஜனங்கதான்."

ஜனங்கள் மேல் அங்கிருந்த எல்லோருக்கும் கோபம் வந்தது.

"சாரே, ஒரு சின்ன விஷயம்," என்றான் குரியாச்சன் சுவரோரத்திலிருந்து.

விலாசினி பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பெருநாள் வருதுல்ல. இந்தத் தடவை அனௌன்ஸ்மெண்ட் நான் பண்ணட்டா?"

"குரி...யாச்சா," என்றார் சார், ஒவ்வோர் எழுத்தாக. "சாப்...பிட்டியா?"

"சாப்பிட்டேன் சாரே. மைக்கு..."

"மாத்திரை?"

"அதுவும் ஆச்சு."

"நல்லது. மைக்கு எங்கயும் ஓடிப் போகாது. மொதல்ல களங்கம் ஒழியட்டும். ஒழிஞ்ச மறுநாளே மைக்கு உன் கையில இருக்கும். எல்லாரும் கேட்டுக்கங்க, நான் சொல்லிட்டேன்."

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

"அப்ப நானும் கூட நின்னு ஒழிக்கிறேன் சாரே," என்றான் குரியாச்சன். வீட்டுக்குப் போகும் வழியில், ஆள் இல்லாத ரப்பர்த் தோட்டத்தில் நின்று, தொண்டையைச் செருமி, 'அன்பான நாட்டுக்காரரே' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். குரல் அப்படியேதான் இருந்தது. மரங்கள் தள்ளி நிற்கவில்லை.

*

கண்காட்சிக்கு 'தொட்டு உணர்வோம்' என்று பெயர். இடம் பள்ளிக்கூட மண்டபம். மக்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போகக் கூடாது, பங்கு பெற வேண்டும் என்பது சாரின் கொள்கை. அதன்படி ஒரு மூலையில் இருட்டறை. உள்ளே போய்க் காதில் கருவியை மாட்டிக்கொண்டால், மனநோயாளிக்குக் கேட்கும் குரல்கள் கேட்கும். 'நீ எதுக்கும் லாயக்கில்ல', 'உன்னால ஒரு வேலை உருப்படியா நடக்குமா' என்று ஓயாமல் திட்டும் அந்தக் குரல்களை விலாசினியின் கணவர் எழுதிப் பேசியிருந்தார். இவ்வளவு தத்ரூபமாக எப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, வீட்டில் இருந்தபடியேதான் என்றார்.

மனச்சோர்வின் பாரத்தை உணர்வதற்கு மணல் நிரப்பிய கோட்டு ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். மனப் பதற்றத்தை உணர்வதற்கான சுழல் நாற்காலியில், இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பிள்ளைகள் விழுந்து புரண்டார்கள். 'உங்கள் மனப்பாரத்தை இங்கே எழுதுங்கள்' என்ற சுவரில் குடிநீர்க் குழாய் உடைந்து கிடப்பதைப் பற்றியே பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள்.

ஆனால் கண்காட்சியின் உயிர்நாடி கடைசி அரங்குதான். 'ஒரு நாற்காலி, ஒரு மனிதர்.' நாற்காலியில் மனநோயிலிருந்து மீண்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார். மக்கள் அவர் எதிரே அமர்ந்து பேசி, கட்டி அணைத்து, சட்டையில் 'நான் அரவணைத்தேன்' என்ற வில்லையை ஒட்டிக்கொண்டு போகலாம்.

அந்த நாற்காலிக்குக் குரியாச்சனைத்தான் முதலில் அழைத்தார்கள். லில்லிக்குட்டி தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். தேர்வுக்குழுவாகச் சாரும் விலாசினியும் எதிரே உட்கார்ந்தார்கள்.

"உன் அனுபவத்தைச் சொல்லு," என்றார் விலாசினி.

"தூக்கம் வரல. அப்புறம் எல்லாம் ரொம்பத் தெளிவாப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நல்ல மனுஷன். இப்பத் தூங்கறேன்."

இருவரும் காத்திருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் சார்.

"அவ்வளவுதான் சாரே."

"கண்ணீர் ஏதாவது?"

"அப்ப வந்துச்சு. இப்ப எதுக்கு வரணும்?"

விலாசினி சாரின் காதில், ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி, "கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கான் சாரே," என்றார்.

சார் மிகுந்த வருத்தத்தோடு குரியாச்சனின் பக்கம் திரும்பினார். "உன் மேல தப்பில்ல குரியாச்சா. உனக்குக் குணமாயிடுச்சு. அதான் பிரச்சினை. வர்றவங்க உன்னைப் பாத்துட்டு, அட, நம்ம மாதிரியேதான இருக்கான்னு நெனச்சுட்டா, அப்புறம் கண்காட்சி எதுக்கு?"

"அதோட உள்ளூர்க்காரன் வேற," என்றார் விலாசினி. "யாராவது பயந்துட்டாங்கன்னா?"

ஆகவே கொல்லத்திலிருந்து ஒரு நாடக நடிகரை வரவழைத்தார்கள். பெயர் ஓமனக்குட்டன். சொந்தத் தாடி, குழிந்த கண், விரல் நுனி வரை நடுக்கம். பரிசோதனைக்காக ஒரே ஒரு பெருமூச்சு விட்டுக் காட்டினார். விலாசினி கைக்குட்டையை எடுத்தார். தேர்வு முடிந்தது. நடிகர் என்ற விவரம் பார்வையாளர்களின் மனநெகிழ்ச்சிக்கு இடையூறாக அமையும் என்பதால், அது கன்வீனரோடும் தலைவியோடும் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. நாற்காலியில் இருந்து எழுந்தவன் என்ற முறையில் குரியாச்சனுக்கும் தெரியும். அவன் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

குரியாச்சனுக்கு வாகனம் நிறுத்தும் பொறுப்பு. மைக் இல்லாததால் ஒரு விசில் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மதியம் மண்டபத்தின் பின்புறம் ஓமனக்குட்டன் பொதிச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்திருந்தான். விசிலோடு நின்ற குரியாச்சனைப் பார்த்ததும், வாழையிலையை நடுவாகக் கிழித்து, ஆம்லெட்டையும் பாதியாகப் பிய்த்து வைத்தான்.

"வாய்யா, உக்காரு. உன் வேஷத்தைத்தான் நான் கட்டிக்கிட்டு இருக்கேனாமே."

இத்தனை வருடங்களில் யாரும் தன் இலையிலிருந்து குரியாச்சனுக்கு எடுத்து வைத்ததில்லை. அவன் உட்கார்ந்தான்.

"உண்மையைச் சொல்லு, நடிப்பு எப்படி?" என்று கேட்டான் ஓமனக்குட்டன்.

"கை நடுங்குது."

"நடுங்க வேணாமா?"

"எனக்கு நடுங்கல. நான் ரொம்ப உறுதியா இருந்தேன். அதான்யா வியாதியே."

ஓமனக்குட்டன் சோற்றை மென்றபடி யோசித்தான். "கன்வீனரும் ரொம்ப உறுதியாத்தான் இருக்காரு."

இருவரும் சிரித்தார்கள். குரியாச்சனுக்குப் புரையேறிற்று. ஓமனக்குட்டன் அவன் தலையில் தட்டி, தன் தண்ணீர்க் குப்பியை நீட்டினான். வாய் வைத்துக் குடி என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் ஊரே மண்டபத்துக்குத் திரண்டு வந்தது. கடைசி அரங்கின் வாசலில் வரிசை கிணற்றடி வரை நின்றது. எதிரே உட்கார்ந்த ஒவ்வொருவரும் அழுதார்கள். சின்னம்மச் சேச்சி இரண்டு தடவை வரிசையில் நின்று இரண்டு வில்லைகள் ஒட்டிக்கொண்டாள். "இப்படி ஒரு ஆளு எனக்குப் பக்கத்து வீட்டுல இருந்தா நான் எப்படிப் பாத்துப்பேன் தெரியுமா," என்று வரிசையில் இருந்தவர்களிடம் விம்மினாள்.

மதியம் ஓமனக்குட்டன் வெளியே வந்து, "குரியாச்சா, காலையிலேர்ந்து ஒன்னுக்குக்கூடப் போகல. கொஞ்ச நேரம் நாற்காலியப் பாத்துக்க," என்று ஓடினான். நாற்காலியைப் பார்த்துக்கொள்வதென்றால் அதில் உட்கார்வதுதான் என்று குரியாச்சனுக்குத் தோன்றிற்று. விசிலைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்து உள்ளே வந்தது சின்னம்மச் சேச்சி. மூன்றாவது தடவை.

கைகளை விரித்துக்கொண்டே வந்தவள், பாதி வழியில் அவற்றை மடக்கினாள்.

"நீ எதுக்குடா இங்க உக்காந்திருக்க?"

"பேசத்தான் சேச்சி. உக்காருங்க."

"எழுந்திரு. அது நோயாளி உக்கார்ற இடம்."

"நானும்..."

"விளையாடாத குரியாச்சா. வெளிய ஜனங்க காத்து நிக்கிறாங்க. எங்க அந்தப் பாவம்?"

வெளியே தகவல் பரவியது. போலி நோயாளி ஒருவனை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. சார் ஓடி வந்து வருத்தம் தெரிவித்து, உண்மையான நோயாளி கழிப்பறைக்குப் போயிருப்பதாகவும், உடனே திரும்பிவிடுவார் என்றும் உறுதியளித்த பிறகுதான் கூட்டம் அடங்கிற்று. குரியாச்சன் எழுந்து வெளியே போய், ஒரு காரைப் பின்னால் எடுக்கச் சொல்லி விசில் ஊதினான்.

கேடயம் ஈட்டிக்கடவுக்கே கிடைத்தது. பாராட்டுக் கூட்டத்தில், 'இன்றோடு இந்த ஊரில் களங்கம் முற்றாக ஒழிந்தது' என்று தீர்மானம் போட்டு, எழுந்து நின்று கை தட்டினார்கள். கை தட்டி முடிந்ததும், அதே கூட்டம் அப்படியே பெருநாள் கமிட்டியாக மாறியது. மாறுவதற்கு யாரும் இடம் மாறி உட்காரக்கூட வேண்டியிருக்கவில்லை.

சுவரோரத்தில் குரியாச்சன் நிமிர்ந்து நின்றான்.

"அடுத்தது அனௌன்ஸ்மெண்ட்," என்றார் சார். அவர் கண்கள் குரியாச்சன் மேல் ஒரு கணம் நின்றன. சொன்ன சொல்லை மறக்கிறவர் அல்லர் சார். "நோய்லேர்ந்து மீண்ட ஒருத்தர் கையில மைக்கைக் குடுக்கறதா நான் வாக்குக் குடுத்திருக்கேன். குடுக்கறோம். இந்த ஊரு மாறிடுச்சுன்னு நாலு பேருக்குத் தெரியணும்."

குரியாச்சன் ஓரடி முன்னால் வந்தான்.

"ஓமனக்குட்டனுக்குக் குடுக்கறோம்," என்றார் சார்.

விலாசினிகூட ஒரு நொடி திகைத்துப்போனார். பிறகு புரிந்துகொண்டு, முதல் ஆளாகக் கை தட்டினார். ஊர் முழுக்க அணைத்துக் கொண்டாடிய மனிதர்; அவரைவிடப் பொருத்தமானவர் யார்? ஊர் நெகிழ்ந்துபோயிருக்கிற நேரத்தில் மறுபடியும் பயமுறுத்துவானேன்? அன்று குரியாச்சன் நாற்காலிகளை மடக்கி அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. அவனுக்குக் குணமாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

*

பெருநாளுக்கு முந்தின ஞாயிறு காலை, தோரணம் கட்டிய ஜீப் குரியாச்சன் வீட்டு வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஓமனக்குட்டன்.

"ஏறுய்யா. எனக்கு இந்த ஊர்ல கழிப்பறைக்கு மட்டும்தான் வழி தெரியும்."

"உன்னைத்தான்யா போட்டிருக்காங்க," என்றான் குரியாச்சன்.

"என் மூஞ்சியப் போட்டிருக்காங்க. குரலுக்கு ஆள் போடல. நான் முன்னால வாயசைக்கிறேன். நீ பின்னால உக்காந்து பேசு. எங்க நாடகத்துல பாட்டெல்லாம் அப்படித்தான்."

குரியாச்சன் தயங்கினான். ஒளிந்துகொண்டு பேசுவதற்கு அவனுக்கு மனம் ஒப்பவில்லை. லில்லிக்குட்டி உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்து அவன் தோளில் போட்டாள்.

"போங்க. அந்த ஆளு உங்களைத் தேடித்தானே வந்திருக்காரு. வேற யாரு வந்தா இந்த வாசலுக்கு?"

ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் குரியாச்சன் குனிந்து உட்கார்ந்தான். மைக்கை எடுத்தபோது கை நடுங்கிற்று. ஓமனக்குட்டன் திரும்பிப் பார்த்து, "இப்பத்தான் நடுங்குது. இதை நான் முன்னாடியே பாத்திருந்தா இன்னும் நல்லா நடிச்சிருப்பேன்," என்றான்.

குரல் எழுந்தது. ரப்பர்த் தோட்டங்களுக்கு மேலாகப் போயிற்று, ஆற்றைத் தாண்டிற்று. பால் எடுத்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். பெண்கள் சமையலறையிலிருந்து வெளியே வந்து, வாயசைக்கும் தாடிக்காரரைப் பார்த்துக் கை கூப்பினார்கள்.

"நம்ம குரியாச்சன் குரல் மாதிரியே இல்ல?" என்றார் ஒருவர்.

"குரியாச்சனைவிட நல்லா இருக்கு," என்றார் மற்றவர். "இவருக்கு முழுசாக் குணமாயிடுச்சுல்ல."

தேவாலய மைதானத்துக்கு ஜீப் வந்தபோது ஊரே அங்கே நின்றது. மறைக்கல்வி முடிந்து வந்தவர்கள், பந்தல் போடுகிறவர்கள், சாரும் விலாசினியும் எல்லோரும் இருந்தார்கள். பலருடைய சட்டையில் வில்லை இன்னும் ஒட்டியிருந்தது. ஓமனக்குட்டனை இறக்கி மாலை போட்டார்கள். சின்னம்மச் சேச்சி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உன் குரலைக் கேட்டு நான் அழுதுட்டேன் மோனே," என்றாள்.

ஓமனக்குட்டன் மாலையைக் கழற்றினான். அரங்கத்தில் எத்தனையோ பொய்களைக் கூசாமல் பேசியவனுக்கு, இந்த மைதானத்தில் ஏனோ கூசிற்று.

"சேச்சி, இது என் குரல் இல்ல. நான் நாடகக்காரன். எனக்குப் பல்வலியத் தவிர ஒரு வியாதியும் வந்ததில்ல. பேசினது குரியாச்சன். அதோ, வண்டிக்குள்ள உக்காந்திருக்கான் பாருங்க."

சின்னம்மச் சேச்சி மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"அய்யோ பாவம்," என்றாள். "மறுபடி ஆரம்பிச்சிடுச்சு."

"தான் வேற ஆளுன்னு நெனச்சுக்கறாரு பாரு," என்றார் பந்தல் போடுகிறவர். "இப்படி ஒரு வகை இருக்கு. கண்காட்சியில எழுதிப் போட்டிருந்தாங்க."

"அன்னிக்குக்கூட என் பேத்தியத் தூக்கிக் கொஞ்சினாரே. கர்த்தரே."

"சாரே, நீங்க சொல்லுங்க சாரே," என்றான் ஓமனக்குட்டன். "நீங்கதானே என்னைக் கொல்லத்துலேர்ந்து கூட்டிட்டு வந்தீங்க?"

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் விலாசினியைப் பார்த்தார். விலாசினி பந்தலின் உச்சியைப் பார்த்தார். உண்மையைச் சொல்வது மிக எளிது. ஆனால் அதனால் இத்தனை பேருடைய அரவணைப்பு வீணாகும். கேடயத்துக்குத் துரு ஏறும். பொதுமக்களின் மனம் புண்படும். பொதுமக்களின் மனநலத்தில் சாரைப் போல் அக்கறை கொண்டவர் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. அவர் ஓமனக்குட்டனின் பக்கம் திரும்பினார். மெதுவாகவும் உரக்கவும் பேசினார்.

"மோனே. மாத்...திரை சாப்...பிட்டியா?"

யாரும் ஓடவில்லை. யாரும் கத்தவில்லை. ஈட்டிக்கடவு மரியாதை தெரிந்த ஊர். எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஜீப்பின் டிரைவர்கூடச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிக் கூட்டத்தில் கலந்தான். நடுவில் ஒரு வட்டம் காலியாயிற்று. அதில் மாலையும் கையுமாக ஓமனக்குட்டன் நின்றான்.

ஜீப்பின் பின்கதவைத் திறந்துகொண்டு குரியாச்சன் இறங்கி வந்து, அவன் பக்கத்தில் நின்றான்.

"குரியாச்சா," என்றான் ஓமனக்குட்டன் தணிந்த குரலில். "இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான். மொத நாள் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

"பழகிடுமா?"

குரியாச்சன் கூட்டத்தைப் பார்த்தான். "இல்ல. சும்மா சொன்னேன்."

ஓமனக்குட்டன் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"இன்னும் எவ்வளவு ஊரு பாக்கி?"

"அக்கரை முழுக்க பாக்கி. உனக்கு ஜீப் ஓட்டத் தெரியுமா?"

"எங்க நாடக வண்டியே நான்தான்யா ஓட்டறேன்."

குரியாச்சன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மைக்கை எடுத்தான். அவனிடமிருந்து அதை வாங்க வேண்டுமென்று மைதானத்தில் இருந்த எல்லோரும் விரும்பினார்கள். வாங்குவதற்குப் பக்கத்தில் வர வேண்டும். யாரும் வரவில்லை. சார் கொடுத்த வாக்கு இப்படியாக நிறைவேறிற்று.

"அன்பான நாட்டுக்காரரே," என்றான் குரியாச்சன். அந்தக் குரல் யாருடையது என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம புனிதரோட பெருநாள். நேர்ச்சைச் சோறு உண்டு, பாயசம் உண்டு. மாத்துக்குட்டி சார் வீட்டாரே, விலாசினி சேச்சி வீட்டாரே, சின்னம்மச் சேச்சியே, எல்லாரும் வரணும். சுகமுள்ளவங்க வரணும். சுகமில்லாதவங்க கண்டிப்பா வரணும். வர முடியாதவங்க சொல்லி அனுப்பினா, நானே சோறு கொண்டாந்து தர்றேன்."

கிண்டலாகச் சொல்கிறானோ என்று கூட்டம் காது கொடுத்துக் கேட்டது. கிண்டல் இல்லை. அதுதான் அவர்களுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

பெருநாளுக்கு எல்லோரும் வந்தார்கள். குரியாச்சன் அழைத்தால் வராமல் இருக்க முடியாது. அக்கரையிலிருந்தும் படகு படகாக வந்தார்கள். பந்தியில் இடமே இல்லை. ஒருவர் முழங்கை அடுத்தவர் இலையில் கிடந்தது. பெரியவர்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பலர் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். ஒரே ஒரு பெஞ்சில் மட்டும் குரியாச்சன், லில்லிக்குட்டி, ஓமனக்குட்டன் மூவரும் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் இலை போட்டபடி இடம் காலியாகக் கிடந்தது.

வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தவறாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஈட்டிக்கடவு விருந்தோம்பலுக்குப் பேர் போன ஊர். தீர்மானம் போட்டு, கை தட்டி, கேடயம் வாங்கி ஒழித்துக்கட்டிய களங்கம் பெருநாளும் அதுவுமாகத் திரும்பி வந்தபோது, அவ்வளவு நெருக்கடியிலும் அதற்கு உட்கார இடம் விட்டு, இலை போட்டு, பாயசம் பரிமாறித்தான் அனுப்பினார்கள்.